நலந்தானா? ஒரு பழைய பாட்டும் ஒரு பழைய கேள்வியும்

(வானொலியில் ஒலித்த சிந்தனை. நேயர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இம்மாதப் பங்கு மடலில் தரப்படுகிறது.)



சில நாள்களுக்கு முன், காலைத் திருப்பலி முடிந்து நத்தம் சாலையில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடையில் கொடை எப்.எம். ஓடிக்கொண்டிருந்தது. பழைய பாட்டு நேரம். ஒரு பாட்டு தொடங்கியதும் டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவரின் கை அப்படியே நின்றுவிட்டது. நாதஸ்வரம் முடிந்து அந்த அம்மாவின் குரல் மறுபடி எழுந்த பிறகுதான் டம்ளர் என் கைக்கு வந்தது. "சாமி, எல்லாப் பாட்டும் சினிமாப் பாட்டுதான். ஆனா இதுக்கு ஒரு பிரசங்கம் வைக்கலாம்" என்றார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் அவர் சொன்னதைத் தட்ட முடியவில்லை.

அந்தப் பாட்டு 'நலந்தானா'. 1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் வருவது. கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதையை ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். கவிஞர் கண்ணதாசனின் பாட்டு, கே.வி. மகாதேவனின் இசை, பி. சுசீலாவின் குரல். திரையில் சிவாஜி கணேசன் வாசிப்பதாக நாம் காணும் நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்களான எம்.பி.என். சேதுராமனும் எம்.பி.என். பொன்னுசாமியும். இவையெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனப்பாடம். இளையவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பாட்டு வரும் இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிக்கல் சண்முகசுந்தரம் பெரிய நாதஸ்வர வித்துவான். கோபக்காரர், ரோஷக்காரர், அதோடு கொஞ்சம் சந்தேகப் புத்தியும் உண்டு. மோகனா ஆடல் மங்கை. இருவருக்கும் இடையே அன்பு இருக்கிறது. ஆனால் அன்பைவிடப் பெரிதாக ஆளுக்கொரு வீம்பும் இருக்கிறது. போதாக்குறைக்கு மோகனாவின் தாய்க்கு இந்த உறவு பிடிக்கவில்லை. இந்த நிலையில் சண்முகசுந்தரம் கத்தியால் தாக்கப்பட்டுக் காயமடைகிறார். மோகனா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடியவில்லை. பிறகு ஒருநாள் ஊர் கூடியிருக்கும் சபையில் அவள் ஆட வேண்டும், அவர் வாசிக்க வேண்டும். அத்தனை கண்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் கேட்பது? ஆட்டத்துக்குள்ளேயே, பாட்டுக்குள்ளேயே அந்தக் கேள்வியை வைத்துவிடுகிறாள். ஊருக்கு அது கச்சேரி. ஒருவருக்கு மட்டும் அது நலம் விசாரிப்பு.

அவர் வாயால் பதில் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது, சீவாளி உதட்டில் இருக்கிறது. மூச்சைக் கொண்டுதான் பதில். காயம்பட்ட மனிதர், அதே உடம்பைக் கொண்டு குழலைத் தூக்கிப் பிடித்து, விரல் வைத்து ஊத வேண்டும். அந்த வாசிப்பில் வலி தெரிகிறது, வலியை மறைக்கும் வீம்பும் தெரிகிறது. அவள் அதை மட்டுமே கேட்டுக்கொண்டு ஆடுகிறாள்.

பாட்டின் சொற்களை நான் இங்கே பாடிக் காட்டப் போவதில்லை, பயப்படாதீர்கள். அதில் என்ன கேட்கிறாள் என்பதை மட்டும் பார்ப்போம். முதலில் உடம்பைப் பற்றிக் கேட்கிறாள். உடனே மனத்தைப் பற்றியும் சேர்த்துக் கேட்கிறாள். நாம் அரசு மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறோம். ஆர்லிக்ஸ் பாட்டில், நாலு ஆரஞ்சுப் பழம். "சுகர் எவ்வளவு இருக்கு? டாக்டர் என்ன சொன்னாரு? எப்ப வீட்டுக்கு விடுறாங்க?" எல்லாம் உடம்பைப் பற்றிய கேள்விதான். ராத்திரி தூங்கினாரா, எதை நினைத்து விழித்திருந்தார் என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? மோகனா இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறாள்.

அடுத்து, ஊர்க்கண் பட்டுத்தான் இப்படி ஆயிற்றோ என்று ஐயப்படுகிறாள். கண்ணூறை நாம் நம்புவதில்லை, அது வேறு செய்தி. ஆனால் அதில் ஓர் அன்பைக் கவனியுங்கள். "உன் முன்கோபத்தால்தானே இவ்வளவும்" என்று அவள் சொல்லியிருக்கலாம். கதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சொல்ல அவளுக்கு நியாயமும் இருந்தது. அவள் சொல்லவில்லை. நம் வீடுகளில் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்து வந்தால் முதலில் வரும் சொல் எது? "அவ்வளவு வேகமாப் போகாதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்ல?" டிங்சர் பாட்டில் அதற்குப் பிறகுதான் வரும்.

மூன்றாவதாக, செய்தி காதில் விழுந்தபோது தான் பட்ட பாடு யாருக்கும் தெரியாது என்கிறாள். இந்த இடத்தில் எனக்கே ஒரு கேள்வி எழுந்தது. காயம் அவருக்கு, இவள் ஏன் தன் வேதனையைப் பேசுகிறாள்? நாமும் இதைப் பார்த்திருக்கிறோம். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்குவார். எதிரில் இருப்பவர், "அட, எனக்கும் இதே மாதிரிதான்" என்று தொடங்கி அரை மணி நேரம் தன் கதையைச் சொல்லிவிட்டு எழுந்து போவார். அடுத்தவர் துயரத்தைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வது அது. மோகனா செய்வது அதுவா? இரண்டு மூன்று முறை பாட்டைக் கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. தன் வேதனையைச் சொன்ன பிறகும் அவள் கேள்வியை விடவில்லை. திரும்பத் திரும்ப அதே சொல்லுக்குத்தான் வருகிறாள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "உனக்குப் பட்டது எனக்கும் பட்டது" என்று அவள் சொல்வது, அவர் தயங்காமல் பதில் சொல்லட்டும் என்பதற்காக.

இது கண்ணதாசன் புதிதாகக் கண்டுபிடித்த உணர்வன்று. திருக்குறளில் 113ஆம் அதிகாரத்தில், 1128ஆம் குறளில் ஒரு பெண் பேசுகிறாள். காதலர் என் நெஞ்சுக்குள் இருக்கிறார், அதனால் சூடான உணவை விழுங்கவே பயமாக இருக்கிறது, அவரைச் சுட்டுவிடுமே என்கிறாள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள், சிரிக்க மாட்டார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது காரம், சூடு பார்த்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள். வள்ளுவர் அதே கவனத்தைக் காதலர்களுக்கு வைக்கிறார்.

இந்த உணர்வுக்கு இப்போது 'ஒத்துணர்வு' என்று ஒரு சொல் வழங்குகிறது. சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. காரணம் வேறு. நாதஸ்வரக் குழுவில் 'ஒத்து' என்று ஒரு குழல் உண்டு. பார்க்க நாதஸ்வரம் போலவே இருக்கும், ஆனால் விரல் வைக்கத் துளை கிடையாது. ராகம் வாசிக்காது, கைதட்டு வாங்காது. வித்துவான் எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்கும். இப்போது அந்த இடத்தைச் சுருதிப் பெட்டி பிடித்துவிட்டது. திண்டுக்கல் பக்கம் திருவிழாக்களில் ஒத்து ஊதுகிறவரைப் பார்த்து வருடங்கள் ஆகின்றன. கொட்டு மேளத்தில் அவர் வேலை எவ்வளவு சலிப்பானது என்று சின்ன வயதில் நினைத்ததுண்டு. கல்யாண வாழ்க்கையைப் பற்றி நாற்பது வீடுகளின் கதையைக் கேட்ட பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

இன்னொரு பாட்டையும் சொல்லியாக வேண்டும். 'நலந்தானா' வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1970இல், 'வியட்நாம் வீடு' வந்தது. அதே சிவாஜி, அதே பத்மினி, அதே கண்ணதாசன், அதே மகாதேவன். இம்முறை அவர்கள் காதலர்கள் அல்லர். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்ட வீட்டில் முதுமையை எட்டிய கணவனும் மனைவியும். டி.எம். சௌந்தரராஜன் குரலில் கணவர் மனைவியைப் பார்த்துப் பாடுகிறார். அவள் அழுதால் தனக்கு என்ன ஆகும் என்று சொல்லும் அந்தத் தொடக்க வரி பாரதியாருடையது. பாரதியார் அதைப் பாடியது குழந்தைக்கு. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாடிய பாட்டு அது. சினிமாவில் அது ஒரு கிழவர் தம் மனைவிக்குச் சொல்லும் சொல்லாகிவிட்டது. பொருத்தமில்லை என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குத் தந்துவிட்ட பரிவையெல்லாம் அறுபது வயதில் திரும்ப எடுத்து ஒருவருக்கொருவர் தந்துகொள்ளும் தம்பதிகளை நம் பங்கிலேயே பார்க்கிறோமே.

'நலம்' என்ற சொல்லுக்கு வருவோம். இன்லேண்டு லெட்டர் எழுதிய தலைமுறைக்குத் தெரியும். மேலே 'மரியே வாழ்க', அடுத்த வரியில் நாங்கள் இங்கு நலம், உங்கள் நலமறிய ஆவல் என்ற பொருளில் ஒரு வாக்கியம். சிங்கப்பூரிலிருந்து எழுதினாலும் சின்னாளபட்டியிலிருந்து எழுதினாலும் அதே வாக்கியம். வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும் 'இங்கு நலம்'. கடிதத்தின் நடுவில்தான் மாடு செத்தது, அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை என்பதெல்லாம் மெதுவாக வரும். எபிரேய மக்களுக்கும் இப்படி ஒரு சொல் உண்டு: ஷாலோம். அமைதி என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் உடல்நலம், மனநலம், குடும்ப நலம் எல்லாமே அதில் அடங்கும். அவர்கள் 'நலமா?' என்று கேட்பதும் அந்தச் சொல்லால்தான், 'நலம்' என்று பதில் சொல்வதும் அதே சொல்லால்தான்.

அரசர்கள் இரண்டாம் நூல் நான்காம் அதிகாரத்தில் சூனேம் ஊர்ப் பெண்ணின் கதை வருகிறது. பெயர்கூடக் கொடுக்கப்படாத பெண். இறைவாக்கினர் எலிசாவுக்கு மாடியில் ஓர் அறை கட்டி, கட்டிலும் மேசையும் போட்டுக் கொடுத்தவள். நெடுநாள் பிள்ளை இல்லாமல் இருந்து பிறந்த ஒரே மகன் ஒருநாள் அறுவடை வயலில் தலை வலிக்கிறது என்கிறான். தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நண்பகல்வரை அம்மாவின் மடியில் கிடந்து இறந்துபோகிறான். அவள் உடலை எலிசாவின் கட்டிலில் கிடத்திக் கதவைச் சாத்துகிறாள். கணவனிடம் கழுதை கேட்கிறாள், இறைவாக்கினரிடம் போக வேண்டும் என்று. இன்று ஓய்வுநாளும் இல்லை, அமாவாசையும் இல்லை, ஏன் போகிறாய் என்பது அவன் கேள்வி. தலைவலி என்று வீட்டுக்கு அனுப்பிய மகன் எப்படி இருக்கிறான் என்று அவன் கேட்டதாக அங்கே இல்லை. அவள் சொல்லும் பதில் ஒரே சொல்: ஷாலோம். எல்லாம் நலம்.

கர்மேல் மலையில் எலிசா தூரத்திலேயே அவளைப் பார்த்துவிடுகிறார். வேலைக்காரன் கேகசியை ஓடச் சொல்கிறார். நீ நலமா, உன் கணவர் நலமா, பிள்ளை நலமா என்று கேட்கச் சொல்கிறார். கேகசி கேட்கிறான். சொல்லுக்குச் சொல் சரியான கேள்விகள். அவள் மறுபடியும் 'நலம்' என்கிறாள். பிள்ளை பிணமாகக் கிடக்கிறான், அவள் நலம் என்கிறாள்! பொய் சொல்கிறாளா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எலிசாவிடம் வந்ததும் காலைப் பிடித்துக்கொள்கிறாள். கேகசி அவளைத் தள்ளிவிடப் பார்க்கிறான். விட்டுவிடு, அவள் உள்ளம் கசந்துபோயிருக்கிறது, ஆண்டவர் எனக்கு அதைத் தெரிவிக்கவில்லை என்கிறார் எலிசா. பெரிய இறைவாக்கினர், தமக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதலுக்குப் பிறகுதான் அவள் வாய் திறக்கிறாள்.

எலிசாவும் ஒரு தவறு செய்கிறார் என்றே எனக்குப் படுகிறது. தம் கோலைக் கேகசியிடம் கொடுத்து, நீ போய்ப் பிள்ளையின் முகத்தில் வை என்று அனுப்புகிறார். கோல் போகிறது, ஒன்றும் நடக்கவில்லை. தாயோ, நீர் வராமல் நான் போகமாட்டேன் என்று நிற்கிறாள். பிறகு அவரே போகிறார். கதவைச் சாத்தி, பிள்ளைமேல் குனிந்து, வாயின்மேல் வாய், கண்ணின்மேல் கண், கையின்மேல் கை வைக்கிறார். அதன் பிறகே அந்த உடல் சூடாகிறது.

இயேசுவும் பெத்தானியாவில் இப்படித்தான். இலாசரை எழுப்பப் போகிறோம் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் மரியாவின் அழுகையைப் பார்த்ததும் கண்ணீர் விடுகிறார். தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறவர்! நம் ஆண்களைப் பற்றி மனைவியர் என்னிடம் சொல்லும் குறையே இதுதான். "நான் சொல்ல ஆரம்பிச்சதுமே என்ன செய்யணும்னு சொல்லிடுறாரு சாமி. நான் அதைக் கேக்கலையே."

இனி நான் சொல்வதைச் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, தெருவையும் ஆண்டையும் மறைத்துச் சொல்கிறேன். ஒருநாள் மாலை ஒரு கணவனும் மனைவியும் பங்கு அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவள் வீட்டிலிருந்தே பூக்கட்டிக் கொடுக்கிறவள், நிலக்கோட்டைப் பூ. கல்யாணமாகிப் பதினொரு வருடம். பிரிந்துவிடுகிறோம், எழுதிக் கொடுங்கள் சாமி என்றார்கள். எழுதிக் கொடுப்பது என் வேலையில்லை என்று சொன்னேன். அப்படியும் எழுந்து போகவில்லை. வெகுநேரம் கழித்து அவள்தான் சொன்னாள். முந்தைய வருடம் ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. நாலாம் நாள் அவர் மண்டிக்குப் போய்விட்டார். "ஒரு நாள் ஒரு பொழுது, எப்படி இருக்கன்னு கேக்கல. கேட்டாலும் ரெண்டு வார்த்தை, 'நல்லாருக்கியா?' நானும் நல்லாருக்கேன்னு சொல்லிட்டேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன், "நீ என்னப்பா சொல்ற?" அவர் சொன்னது இதுதான்: "மண்டியில கண்ணுல தண்ணி வந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க சாமி. வெங்காயம்னு நெனச்சுக்குவாங்க. அதான் நாலாம் நாளே போயிட்டேன்."

அந்த அறையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பிள்ளை இறந்த செய்தி அன்றே என் காதுக்கு வந்தது. திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கொடியேற்றம், அன்னதானம், மைக்செட்டுக்காரர் என்று நூறு வேலை. உபதேசியாரைக் கூப்பிட்டு, அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அந்தத் தெரு வழியாக வண்டியில் போனபோது அவள் வாசலில் நின்றாள். "தோத்திரம் சாமி" என்றாள். நான் வண்டியை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தேன். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கோம் சாமி." திருப்தியோடு போய்விட்டேன். சூனேம் பெண்ணின் கதையை எத்தனையோ முறை பிரசங்கத்தில் சொன்னவன் நான். கோலை அனுப்பியவன் யார், வழியில் கேட்டுவிட்டுப் போன கேகசி யார் என்பது அன்று மாலை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அதை அவர்களிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி" என்றாள். அந்த 'ஒண்ணுமில்ல'வை இனிமேல் நான் நம்பப் போவதில்லை என்றேன்.

பிறகு மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். வெளியே கல்லறைத் தோட்டப் பக்கம் பையன்கள் கிரிக்கெட் ஆடும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அவள் அவர் பக்கம் திரும்பினாள். என்னிடம் பேசும் குரலில் இல்லாமல், வீட்டில் பேசும் குரலில் கேட்டாள்.

"ஏங்க, அத்தன நாளு, மண்டியில ஒருத்தர்கூட உங்கள என்னன்னு கேக்கலையா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். அவளுடைய பூக்கூடையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். நான் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே வந்தேன். டீ சொல்லவும் இல்லை, உடனே திரும்பவும் இல்லை. கோவில் விளக்கைப் போட்டுவிட்டு, மூவேளை மணி அடித்து முடித்த பிறகு உள்ளே போனபோதும் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.